பிரெஞ்சுப் பெயர்ச்சொற்களின் இலக்கணப் பாலைக் கற்க ஒரு செயலி: மதிப்பீடு

தொடக்கநிலையினருக்கான இந்தச் செயலி, மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று பட்டியலிட்டு மனனம் செய்ய வைக்காமல், 'லா தாப்ல்', 'லு லிவ்ர்' என முன்னால் வரும் சிறுசொல்லோடு சேர்த்தே ஒவ்வொரு பெயரையும் பழக்குகிறது. 'ஆஜ்' என முடிபவை பெரும்பாலும் ஆண்பால் என்று சொல்லும்போதே, கடற்கரையைக் குறிக்கும் 'ப்ளாஜ்' பெண்பால் என எச்சரிப்பது பாராட்டத்தக்கது. வந்தான், வந்தாள் என வினைமுற்றிலேயே பால் காட்டிப் பழகிய நமக்கு, 'இல் பார்ல்' (அவன் பேசுகிறான்), 'எல் பார்ல்' (அவள் பேசுகிறாள்) இரண்டிலும் வினை மாறாதிருப்பது (எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது) பொறுமையாக விளக்கப்படுகிறது. ஆனால், 'எத்ர்' (இரு) என்னும் துணைவினையோடு அமையும் இறந்தகாலத்தில், 'அவள் சென்றாள்' என்பதற்கு 'அலே' என்ற ஒலி மாறாமலே எழுதும்போது மட்டும் ஓர் எழுத்து கூடுவதை எழுதித்தான் பழக வேண்டும். பயிற்சிகளோ கேட்டு விடை தேர்பவையாகவே உள்ளன.