கிட்ஹப் ஆக்‌ஷன்ஸும் அலுவலக ஃபயர்வாலும்: எந்த வழி உருப்படியானது?

அலுவலக நெட்வொர்க்குக்குள் இருக்கும் சர்வரில் மென்பொருளை டெப்ளாய் செய்ய, அதாவது நிறுவி ஓட்ட, வேண்டும். அதைக் கோடிலிருந்து உருவாக்கும் பில்ட் ஓடுவதோ, கிட்ஹப்பின் தானியக்கச் சேவையான ஆக்ஷன்ஸ் தரும் மேகக் கணினியில். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டை (தரவுத் துண்டை) அலுவலக ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவதால், லாகில் கர்ல் என்ற இணைப்புக் கருவியின் பிழை எண் 28, அதாவது டைம்அவுட், என்று மட்டும் வரும்.

ரன்னர் என்பது இந்த வேலைகளை ஓட்டும் கணினி. கிட்ஹப் தரும் சாதாரண ரன்னருக்கு நிலையான ஐபி (இணைய முகவரி) கிடையாது. கிட்ஹப் தன் முகவரிகளை வெளியிடும் மெட்டா ஏபிஐ தரும் ஐபி பட்டியல் மிக நீளமானது, அடிக்கடி மாறவும் செய்யும். அதை அப்படியே அனுமதித்தால், அதே ரன்னர்களில் ஜாப் ஓட்டும் முன்பின் தெரியாதவர்களுக்கும் கதவு திறந்துவிடும். இந்த வழி வேண்டவே வேண்டாம்.

கிட்ஹப் என்டர்பிரைஸ் கிளவுட் என்ற கட்டணத் திட்டத்தில், கூடுதல் திறனுள்ள லார்ஜர் ரன்னருக்கு நிலையான ஐபி வாங்கலாம். ஃபயர்வாலில் ஒரே விதி போதும், வேலை சுத்தம்.

ஆனாலும் முதல் இடம், உங்கள் நெட்வொர்க்கில் நீங்களே வைத்து நடத்தும் செல்ஃப் ஹோஸ்டட் ரன்னருக்குத்தான். உள்ளேயிருந்து அதுவே 443 போர்ட்டில் வெளியே போய் வேலை கேட்கிறது. உள்வரும் போர்ட் ஒன்றைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் இடறுவது, மறைகுறியாக்கிய இணைப்பை நிறுவனமே நடுவில் பிரித்துப் பார்க்கும் டிஎல்எஸ் இன்ஸ்பெக்‌ஷனில்: இடையில் நிற்கும் ப்ராக்ஸி சர்வர் தன் சான்றிதழை நடுவில் நுழைக்க, ரன்னர் இணைய மறுக்கும். நிறுவனத்தின் ரூட் சான்றிதழை ரன்னர் இயந்திரத்தில் நிறுவுங்கள். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் (Node.js) தனிச் சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருப்பதால் அதற்கும் தனியாகக் காட்ட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். யாரும் பார்க்கக்கூடிய கோடு கிடங்கான பப்ளிக் ரெப்போவோடு மட்டும் இந்த ரன்னரை இணைக்காதீர்கள்: யாரோ அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டின் (மாற்றம் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையின்) கோடு உங்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே ஓடிவிடும்.