இலங்கை வெள்ளைக்கண்ணியைப் பார்க்க: நுவரெலியா பூங்காவா, ஹோட்டன் சமவெளியா?

மலையகத்துக்குப் போகிறவர்கள், ஒரு காலைப் பொழுதுதான் இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்கிறார்கள். இந்தக் குருவி உலகில் இலங்கையில் மட்டுமே உண்டு. இரண்டு இடத்திலும் கிடைக்கும்.

செலவு: நுவரெலியா நகர நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவுக்குச் சின்ன நுழைவுச்சீட்டு போதும். மலைமேல் உள்ள பாதுகாக்கப்பட்ட புல்வெளிக் காடான ஹோட்டன் சமவெளிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வண்டி வைத்துப் போகவேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணமும் அதிகம்.

சிரமம்: பூங்காவுக்குக் காலைத் தேநீர் குடித்துவிட்டு நடந்தே போகலாம். சமவெளிக்கு இருட்டோடு கிளம்பணும். நேரம் போனால் மூடுபனி இறங்கிவிடும்.

குருவி: இந்த விஷயத்தில்தான் எனக்குச் சமவெளி பிடிக்கும். 2,000 மீட்டருக்கு மேலே, பாசி படர்ந்த குட்டை மரங்களில் கூட்டமாக வந்து இறங்கும். கண்ணைச் சுற்றி சுண்ணாம்பால் வரைந்தது போல வெள்ளை வளையம். தலைகீழாகத் தொங்கி, இலைக்கு அடியில் பூச்சி தேடும். தாழ்நிலங்களில் காணும் சாதாரண வெள்ளைக்கண்ணியைவிட முதுகு கரும்பச்சை, அலகு கொஞ்சம் நீளம். இதைக் கவனித்தால் குழப்பம் வராது.

கூடவே கிடைப்பது: பூங்காவில் குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் வரும். சமவெளியில் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி உண்டு.

சரி, வயதானவர்களும் குழந்தைகளும் கூட இருந்தால் பூங்கா. அந்தக் குருவியை அதன் சொந்தக் காட்டில் பார்க்கணும் என்றால், குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு சமவெளிக்கே போங்கள்.