காபரேற்றரைக் கழற்றுவதற்கு முன்: பழைய பெர்குசனுக்கு எது பொருத்தம்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் பெரும்போகத்துக்குப் புழுதி உழவு நடக்கும் நாட்கள் மிகக் குறைவு. மழை இறங்கிவிட்டால் நிலத்தின் கதையே வேறு. அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டுப் பெர்குசன் உழவு மெசின் (டிராக்டர்) நடுவயலில் நின்றது. அரை மணி நேரம் நன்றாக உழும். பிறகு இருமி அணையும். பத்து நிமிடம் பொறுத்தால் எதுவும் நடக்காததுபோல் கிளம்பும். நகரத்துக் கராஜ் ஒன்றில், எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரை இரண்டு முறை கழுவினார்கள், தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலையும் மாற்றினார்கள். பணம் போனது, நோய் போகவில்லை.

இது ரி.ஈ. 20 இனம். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றியில் செய்தார்கள். எங்களுடையது பெற்றோலில் கிளப்பிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை. இன்று வயல்களில் ஓடுபவை டீசல் மெசின்கள். அவற்றில் தீப்பொறி தரும் பிளக்கும் இல்லை, காபரேற்றரும் இல்லை. டீசலோடு வளர்ந்த இளம் மெக்கானிக்குகளுக்கு இந்தப் பழைய இயந்திரத்தின் நாடி பிடிபடாததில் வியப்பில்லை. ஆனால் உரிமையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் கேள்வி: தீப்பொறியைப் பார்ப்பதா, எண்ணெயை, அதாவது எரிபொருளைப் பார்ப்பதா? எண்ணெயைச் சந்தேகித்துக் காபரேற்றரைக் கழற்றுவதே பலரின் வழக்கம். நான் தீப்பொறியின் பக்கம். சிந்திய பெற்றோலைத் துடைத்துவிட்டு, ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு எஞ்சின் உடலில் ஒட்டிவைத்து எஞ்சினைச் சுழற்றினால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். நீலமாகச் சடசடத்தால் மின்பக்கம் நலம். மஞ்சளாக மங்கினால் காபரேற்றரைத் தொடவே வேண்டாம். பிளக்கின் முகமும் பேசும்: பொறி இல்லாமல் நனைந்திருந்தால் மின்கோளாறு, பொறி இருந்தும் உலர்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை, கரி படிந்திருந்தால் எண்ணெய் மிகுதி.

எங்கள் கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில் ஒளிந்திருந்தது. சூடேறிய கொயிலும் அரை மணியில் அணைத்து, ஆறியதும் உயிர்கொடுக்கும். எண்ணெய்த் தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டாலும் அப்படியேதான்: உள்ளே வெற்றிடம் உண்டாகி எண்ணெய் இறங்காது; காற்று மெல்லக் கசிந்ததும் மீண்டும் ஓடும். ஆற விட்டுப் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது; அணைந்த அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்த மாமா அதைத்தான் செய்தார். மெசின் அணைந்ததும் மூடியைத் திருகினார். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டது. மூடியைக் கவிழ்த்தால், கடுகளவு துளையில் குளவி அப்பிய மண், கல்லாக இறுகி.

“தம்பி, கராஜுக்குக் கொடுத்த காசை இந்தக் குளவிக்குக் கொடுத்திருக்கலாம்,” என்றார்.

அடுத்தது, தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டித்துவிடும் வேலைக்குப் பழைய பொயின்ற் முனைகளா, எலெக்ட்ரோனிக் மொடியூலா என்பது. மொடியூலுக்கு இடைவெளி வைக்கும் வேலை இல்லை. பிளக்குகளுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரின் தண்டு தேய்ந்து ஆடினால் பொயின்ற் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். அதையும் மொடியூல் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நாள் முழுவதும் கூலிக்கு உழுபவர் மாற்றினால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மெசின்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். அதற்கேற்ற மொடியூலை வாங்காமலோ, முனைகளை மாற்றிக் கொடுத்தோ விட்டால் நொடியில் கருகிவிடும். வயல் நடுவில் அதற்கு வைத்தியமும் கிடையாது.

பொயின்ற்றுக்கு வைத்தியம் உண்டு. வாவிக் காற்றின் ஈரத்தில் சில வாரம் நிறுத்திவைத்தால் முனைகளில் மெல்லிய படலம் படியும். சுத்தமான கடதாசித் துண்டை இடையில் வைத்து மெதுவாக இழுத்தால் கறுப்புக் கோடு ஒட்டிக்கொண்டு வரும். பல நேரம் அதுவே போதும். இடைவெளி 0.010 முதல் 0.012 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். முனைகள் அடிக்கடி நீலம் பாய்ந்து கருகினால் பழி, முனைகளில் பொறி தெறிக்காமல் காக்கும் கொண்டென்சருக்கு. அதில் ஒன்றை எப்போதும் கருவிப்பெட்டியில் வைத்திருக்கிறேன். என் தெரிவு பொயின்ற்தான்.

காபரேற்றரிலும் பழையதைச் சீராக்கவே சொல்வேன். காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்தால் எஞ்சின் தெளிவாக ஓடுகிறதா? அப்படியானால் எண்ணெய் பாயும் சிறு துளையான ஜெட்டில் அடைப்பு அல்லது எங்கோ காற்றுக் கசிவு. ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை, துளை பெருத்துவிடும். காற்றால் ஊதினால் போதும். எண்ணெய் வழிந்தால் மிதவையை வெந்நீரில் அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடத்தில் ஓட்டை. காபரேற்றரின் திறொட்டில் தண்டின் ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் ஓட்டம் மாறினால் அங்கே காற்று நுழைகிறது. லேத்தில் கடைந்து புஷ் (உள்வளையம்) போடலாம். உடலே வெடித்தாலன்றிப் புதியது தேவையில்லை. மலிவாக வரும் பிரதிகளில் ஜெட் பெற்றோல் வகைக்கு உரியதாக இருந்தால் மண்ணெண்ணெயில் ஒழுங்காக ஓடாது.

பெற்றோலா, மண்ணெண்ணெயா என்பதில் ஒன்றே ஒன்று: எஞ்சின் நன்கு சூடாகும் முன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் எரியாத எண்ணெய் இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். நிறுத்துவதற்கு முன் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டால் மறுநாள் கிளப்ப மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இப்போது காலையில் வயலுக்குப் புறப்படுமுன் என் மகன் தாங்கி மூடியைக் கழற்றி, அந்தத் துளைக்குள் ஓர் ஈர்க்கை விட்டெடுக்கிறான்.