ஏரோபிரஸ்: ஒருவருக்கு நல்ல காபி, பொடி மட்டும் சரியாக இருந்தால்

2005-ல் விற்பனைக்கு வந்த ஏரோபிரஸ் என்ற காபி போடும் கருவி, பார்க்கப் பெரிய சிரிஞ்சு மாதிரி இருக்கும். ஒரு குழாய், ரப்பர் முனை வைத்த தண்டு, அடியில் துளை போட்ட மூடி, அதற்குள் வடிகட்ட வட்டக் காகிதம். அவ்வளவுதான். பிளாஸ்டிக் என்று தயங்க வேண்டாம். கண்ணாடிச் சாதனங்களைப் போலக் கைதவறினால் போய்விடாது, கழுவ அரை நிமிடம் போதும்.

வடிவமைத்த ஆலன் ஆட்லர் சொன்ன முறை: நைசான பொடி, 80 டிகிரி தண்ணீர், பத்து விநாடி கலக்கி உடனே அழுத்துவது. கருக வறுத்த கொட்டைக்கு இது அருமையாகப் பொருந்தும், கசப்பு அடங்கும். இளவறுப்புக்குப் பொருந்தாது, புளிக்கும். அதற்கு 15 கிராம் பொடி, 200 கிராம் தண்ணீர், 92 முதல் 95 டிகிரி. குழாயைக் கோப்பைமேல் வைத்து, ஊற்றிக் கலக்கியதும் தண்டை மேல்வாயில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் செருகிவிடுங்கள். காற்று புகாததால் சொட்டுவது நின்றுவிடும். இரண்டு நிமிடம் ஊறட்டும். பிறகு நிதானமாக, அரை நிமிடம் எடுத்து அழுத்தி, 'உஸ்' என்ற சத்தம் வந்ததும் நிறுத்துங்கள்.

தண்டு இறங்க மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். பொடி அதிக நைசு. தூள் காகிதத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. கோப்பை வழுக்கி வெந்நீர் கையில் கொட்டும் ஆபத்தும் உண்டு. அகலமான, கனமான மக் வைத்துக்கொள்வது நல்லது.

உண்மையில் ருசியைத் தீர்மானிப்பது கிரைண்டர்தான். பிளேடு வைத்த கிரைண்டர் கொட்டையை அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கிறது. தூளும் குருணையும் கலந்து வரும். தூளிலிருந்து கசப்பு, குருணையிலிருந்து புளிப்பு, இரண்டும் ஒரே கோப்பையில்! தண்ணீரின் சூட்டை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. எனவே பணம் அளவாக இருந்தால் கூம்பு வடிவ பர் (கொட்டையை நசுக்கி அரைக்கும் பல்வைத்த பாகம்) உள்ள கைக் கிரைண்டரை முதலில் வாங்குங்கள், ஏரோபிரஸ் பிறகு வரட்டும். புளித்தால் கிரைண்டரின் அளவுத் திருகில் ஒரு கிளிக், அதாவது ஒரு படி, நைசாக, கசந்தால் ஒரு கிளிக் கொரகொரப்பாக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் காரணம் பிடிபடும். பொடி சுவரில் ஒட்டினால், அரைக்கும் முன் கொட்டைமீது ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்குங்கள். இரும்பு பர்ரைத் தண்ணீரில் கழுவக் கூடாது, துருப்பிடிக்கும், பிரஷ் போதும்.

கொட்டையை, வாயு வெளியேற வால்வு உள்ள பையிலேயே, காற்றைப் பிதுக்கிவிட்டு, வெளிச்சம் படாமல் வையுங்கள். வறுத்த மறுநாளே போட்டால் உள்ளிருக்கும் வாயு நுரைத்து, தண்ணீரைப் பொடிக்குள் இறங்கவிடாது. இளவறுப்புக்கு ஒரு வாரமாவது கொடுக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு வேண்டாம்: ஈரமும் மற்ற வாசனைகளும் ஏறும். நெடுநாள் வைக்க ஃப்ரீசர் சரி, சிறு சிறு பொட்டலங்களாகக் காற்றுப்புகாமல் கட்டியிருந்தால். வெளியே எடுத்ததும் அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்காதீர்கள், இல்லையேல் கொட்டைமீது நீர் கோத்துக்கொள்ளும்.

குறை என்றால், ஒரு தடவைக்கு ஒரு கோப்பைதான். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு இது தோதுப்படாது. ரப்பர் முனையும் காலப்போக்கில் தளரும். தண்டைக் குழாய்க்குள் பாதியில் நிறுத்தி வைக்காமல், முழுக்கத் தள்ளி வெளியே நீட்டியபடி வைத்தால் அது நெடுங்காலம் உழைக்கும்.