தீவ்ஸ் வேர்ல்ட் பெட்டி: எட்டு வருடம் ஆடிய பிறகு

இந்தச் சித்திரைத் திருவிழாவோடு தீவ்ஸ் வேர்ல்ட் பெட்டி என் கைக்கு வந்து எட்டு வருடம். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேசியும் பகடை போட்டும் கதையை நகர்த்துகிற ரோல்பிளேயிங் ஆட்டங்களுக்காக, ஒரு கற்பனை நகரத்தை வரைபடங்களும் புத்தகங்களுமாக அடைத்த பெட்டி இது. 1981ல் கேயாசியம் என்ற ஆட்டக் கம்பெனி வெளியிட்டது, நான் வாங்கியது பழைய பிரதி. 'எல்லாம் முழுசா இருக்கு' என்று சொல்லி விற்றவர், மேஸ் என்கிற திருடர் பேட்டையின் வரைபடத்தை வைக்கவே இல்லை. அன்றைக்கு மனசே விட்டுப்போச்சு. அப்புறம் நாங்கள் ஐந்து பேரும் மேலமாசி வீதியிலிருந்து பிரியும் சந்துகளில் ராத்திரி நடந்து, எதிரே வண்டி வந்தால் திண்ணையில் ஏறி நிற்க வேண்டிய இடங்களையெல்லாம் குறித்து, நாங்களே ஒரு மேஸ் வரைந்தோம். இன்றைக்கும் அதில்தான் ஆடுகிறோம்.

தெரியாதவர்களுக்கு: இந்தப் பெட்டிக்கு மூலம், ராபர்ட் ஆஸ்ப்ரின் 1979ல் தொகுக்க ஆரம்பித்த வாள், மந்திரக் கதைகள். சாங்ச்சுவரி என்று ஒரே நகரம், பல எழுத்தாளர்கள். அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஆஃபட் உருவாக்கிய ஹான்ஸ் என்ற திருடன் மற்றவர்கள் கதையிலும் தலைகாட்டுவான். எழுத்தாளர்களுக்குள் விதி இதுதான்: அடுத்தவர் ஆளை நடமாட விடலாம், கொல்லக்கூடாது.

பெட்டியில் ஒவ்வொரு ஆளின் பலத்தையும் திறமையையும் சொல்லும் எண்கள், ஒன்பது ரோல்பிளேயிங் ஆட்டங்களுக்கு ஏற்றபடி இருக்கின்றன. அவற்றில் நாங்கள் ரூன்குவெஸ்ட் என்ற ஒன்றை மட்டும்தான் ஆடுகிறோம், அதனால் ஆட்களைப் பற்றிய புத்தகத்தில் பெரும்பகுதியைத் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது, ஆட்டத்தின் நடுவே தேடும்போது இது எரிச்சல். ஆனால் தெருவில் யார் எதிர்ப்படுவார் என்று பகடை போட்டுப் பார்க்கும் அட்டவணைகள் அருமை. தாள் ஓரமெல்லாம் பருத்திப்பால் கறை, அவ்வளவு புரட்டியிருக்கிறோம்.

கதைத் தொகுதிகள் 1989 வரை பன்னிரண்டு வந்தன. முதல் மூன்று போதும் என்பேன். போகப் போகக் கடவுள்களும் படைகளும் புகுந்து, சில்லறைத் திருடர்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

எண்பதுகளில் இதை ஆடியவர்கள் இன்னும் ஏன் ஏங்குகிறார்கள் என்பது எனக்கு மூன்றாவது வருடம்தான் புரிந்தது. எங்களில் ஒருவன் வேலைக்காகத் துபாய் போய்விட்டான். அவனுடைய கேரக்டர் ஒரு வட்டிக்கடைக்காரர். மாதம் ஒருவர் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர், என்பதால் அவர் எங்கள் நாலு பேர் கையிலும் மாறி மாறி வந்தார், வல்கர் யூனிகார்ன் சாராயக்கடையின் மூலை மேசையில் உட்கார்ந்து கடன் கொடுத்தார், அடி வாங்கினார், ஒருமுறை ஒரு பிள்ளையைக் காப்பாற்றினார். யாரும் அவரைச் சாகவிடவில்லை.

போன திருவிழாவுக்கு அவன் ஊருக்கு வந்தான். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று ராத்திரி மொட்டைமாடியில் அந்த வட்டிக்கடைக்காரரின் கணக்கு நோட்டை நீட்டினோம். அஞ்சு வருட வரவு செலவையும் பக்கம் விடாமல் படித்துவிட்டு, "யார்ரா என் ஆளை இவ்வளவு நல்லவனாக்குனது, மாப்ள?" என்று கேட்டபடி பகடையைக் கையில் எடுத்தான்.