ஒளிந்திருக்கும் விடைக்கு எந்த அகராதி? க்ரியா, லெக்சிகன், நிகண்டு: ஒரு மதிப்புரை

தமிழில் கிரிப்டிக் குறுக்கெழுத்துக்கு (குறிப்பு வாக்கியமே சொல்விளையாட்டாக அமையும் புதிர்) விடை காண ஒரே ஒரு புத்தகம்தான் வாங்குவேன் என்பவர் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யை வாங்கலாம். அதோடு நிறுத்திக்கொண்டால் கடினமான புதிர்களில் சில கட்டங்கள் காலியாகவே கிடக்கும். சென்னையில் இந்து நாளிதழின் ஆங்கிலக் குறுக்கெழுத்து 1971 முதல் வருகிறது. அதில் கை பழகியவர்கள் சேம்பர்ஸ் அகராதி ஒன்றை வைத்தே பழைய சொல், புதுச் சொல் இரண்டையும் பார்த்துவிடுவார்கள். தமிழில் அப்படி ஒரே தொகுதி கிடையாது. வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: க்ரியா, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டு. குறிப்பு வாக்கியத்துக்குள்ளேயே விடை எழுத்து வரிசையாக ஒளிந்திருக்கும் ‘மறைவிடை’ வகைக்கு இவை ஒவ்வொன்றும் எவ்வளவு பயன்படும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மறைவிடைக் குறிப்பில் அகராதியின் வேலை கடைசியில்தான் வருகிறது. விடையைக் கண்டுபிடிப்பது கண். அது சரிதானா என்று உறுதி சொல்வது அகராதி. குறிப்பைப் படித்தவுடன் அகராதியைப் புரட்டுகிறவர் நேரத்தை வீணாக்குகிறார். முறை இதுதான்:

“சிரிக்கப் பல்வரிசைக்குள் தெரியும் கலம் (4)”

அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. கடைசிச் சொல் ‘கலம்’ விடையின் பொருள். ‘உள் தெரியும்’ என்பது ஒளிந்திருப்பதற்கான சைகை. மிஞ்சியது ‘சிரிக்கப் பல்வரிசை’. அதை இடைவெளி விடாமல் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதினால் சி, ரி, க், க, ப், ப, ல், வ, ரி, சை என்று பத்து எழுத்து. நான்கு நான்காக நகர்த்திப் பார்த்தால் ஏழு வாய்ப்புகள். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பதால் க், ப், ல் என்று தொடங்கும் மூன்றும் உடனே கழியும். ‘ரிக்கப்’ வல்லின மெய்யில் முடிகிறது; அதுவும் சொல் ஆகாது. ‘சிரிக்க’, ‘பல்வரி’ இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. நல்ல மறைவிடை குறைந்தது இரண்டு சொற்களின் மேல் கால் வைத்து நிற்க வேண்டும். மிஞ்சுவது கப்பல். மரக்கலம் என்ற பொருளில் கலம் சரியாக உட்காருகிறது. இவ்வளவுக்கும் அகராதி தேவைப்படவில்லை. மொழிமுதல், மொழியிறுதி எழுத்து விதிகளே போதும். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன அந்த இலக்கணம் இவ்வளவு நேரடியாகப் பயன்படும் இடம் வேறு அதிகம் இல்லை.

இந்தக் குறிப்பில் ‘சிரிக்கப்’ என்ற ப் ஒற்றைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டு ‘சிரிக்க பல்வரிசை’ என்று அச்சடித்தால் விடையே கிடைக்காது. சந்தியில் அசிரத்தையாக இருக்கும் பத்திரிகைகளில் வரும் புதிர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான். விடையில் ஓர் எழுத்து மட்டும் இடிக்கிறது என்றால், இரண்டு சொற்களுக்கு நடுவே வல்லினம் மிக வேண்டுமா என்று முதலில் பாருங்கள். சொற்களின் விளிம்பில் ஓர் எழுத்து குறைவாக இருக்கும்போது பெரும்பாலும் குற்றவாளி அதுவே.

இன்னொரு நுட்பம், சொல் எங்கே உடையும் என்பது. ண, ழ, ள, ற, ன இவற்றில் தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை. அதனால் ‘பழம்’ என்ற விடை இரண்டு சொற்களுக்கு நடுவே உடைந்து ஒளியவே முடியாது; ழ-வும் ம்-மும் புதுச் சொல்லைத் தொடங்கா. ‘கப்பல்’ கப்|பல் என்று ஓர் இடத்தில் மட்டும் உடையும். ‘கவிதை’ க|விதை என்றோ, கவி|தை என்றோ உடையும். குறுக்கே வந்த விடைகளிலிருந்து இரண்டு எழுத்து கையில் இருந்தால், குறிப்பில் எந்த இடைவெளியில் சொல் உடைந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். ட, ர, ல மூன்றையும் மட்டும் அவ்வளவு கறாராக ஒதுக்காதீர்கள். டம்ளர், ரசம், லட்டு என்று வந்து சேர்ந்த சொற்கள் ஏராளம். புதிர் அமைப்பவர்கள் அவற்றை விரும்பிப் பயன்படுத்துவார்கள்.

விடை தலைகீழாக ஒளிவதும் உண்டு. “கதை, விகடத்தில் திரும்பிவரும் பாட்டு (3)” என்பதில் தை, வி, க மூன்றையும் பின்னிருந்து படித்தால் கவிதை. தமிழில் இந்த உத்தி அபூர்வமாகவே வருகிறது. மெய்யில் முடியும் சொல்லைத் திருப்பினால் மெய்யில் தொடங்கும் துண்டுதான் கிடைக்கும். அதை வாக்கியத்துக்குள் இயல்பாகப் பொருத்துவது கஷ்டம். ஆகவே ‘திரும்பி’, ‘மறுபக்கம்’, ‘கீழிருந்து’ போன்ற சைகை தென்பட்டால், உயிர்மெய்யில் முடியும் விடையை முதலில் தேடுங்கள். முதலெழுத்துகளைக் கோத்து வரும் விடைக்கும் இதே காரணம் பொருந்தும்: எந்தத் தமிழ்ச் சொல்லும் மெய்யில் தொடங்காததால், அப்படிக் கோத்த விடைக்குள் மெய் எங்கும் வராது.

இனி அகராதிகளுக்கு வருவோம்.

க்ரியாவின் முதல் பதிப்பு 1992-இல் வந்தது, விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 2008, மூன்றாவது 2020. பெயரிலேயே சொல்லியிருப்பதுபோல் இன்று எழுத்திலும் பேச்சிலும் வழங்கும் சொற்கள்தான் அதன் எல்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள், கூடவே பயன்பாட்டு வாக்கியம். புதிருக்கு விடை தேடுகிறவருக்கு இதில் விலைமதிப்பற்றது அந்த வாக்கியம்தான். பொருள் பொருந்துகிறதா என்ற சந்தேகத்தை விளக்கத்தைவிட அது வேகமாகத் தீர்க்கும். பேச்சு வழக்கு, உயர் வழக்கு, இலங்கைத் தமிழ் என்று தனியே குறியிடுவதால், குறிப்பில் ‘பேச்சில்’, ‘யாழ்ப்பாணத்தில்’ போன்ற சைகை வரும்போது நேரடியாகச் சரிபார்க்கலாம். வினைச்சொற்கள் வேர் வடிவில் இருக்கும். செய் என்பதன் பக்கத்திலேயே செய்ய, செய்து என்ற வடிவங்களும் வரும். எச்சமாக வரும் விடைகளுக்கு அது நல்ல துணை. இரண்டு விதமாக எழுதப்படும் சொற்களில், பவளமா பவழமா என்பதுபோல் ஓர் எழுத்து மாறும் இடங்களில், இன்றைய எழுத்து வழக்கைத் தெரிந்துகொள்ள இதைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

குறை? அச்சுப் புத்தகம் அகர வரிசையில் இருப்பதால் முதலெழுத்து தெரிந்தால்தான் பலன். கடைசி இரண்டு எழுத்து மட்டும் கையில் இருந்தால் க்ரியாவால் ஒன்றும் செய்ய முடியாது. பழஞ்சொல் வந்தால் அதன் எல்லைக்கு வெளியே போய்விட்டோம் என்று பொருள்.

அங்கேதான் லெக்சிகன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் ஒரு பிற்சேர்க்கையாகவும் வெளியிட்டது, பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஒரு குறிப்பைப் பாருங்கள்:

“அவா ரணம் தரும், நடுவே கூவுவது (4)”

எழுத்துகளைப் பிரித்தால் அ, வா, ர, ண, ம், த, ரு, ம். நடுவே வாரணம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஆண்டாளின் பாசுரத்தால் வாரணம் என்றதும் நம் மனத்தில் நிற்பது யானை. யானை பிளிறும், கூவாது. எனவே பலர் சரியான விடையைக் கண்டுபிடித்த பிறகும் அதை அடித்துவிடுகிறார்கள். லெக்சிகனில் வாரணத்துக்குப் பல பொருள்கள். கோழியும் அதில் ஒன்று. எழுத்துகள் கச்சிதமாகப் பொருந்தி, பொருள் மட்டும் இடித்தால், விடையை அழிப்பதற்கு முன் லெக்சிகனைப் பார்த்தே தீர வேண்டும்.

இதை அச்சில் வாங்க வேண்டியதில்லை. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம். சொல்லின் தொடக்கத்தை மட்டுமல்லாமல் முடிவை வைத்தும் தேட வழி இருப்பதுதான் அச்சுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம். வினைச்சொல் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: லெக்சிகன் வினைகளை ‘-தல்’ விகுதியோடு தலைச்சொல்லாகத் தருகிறது. வேரை மட்டும் முழுச்சொல்லாகத் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம். ‘இப்படித் தொடங்கும்’ என்ற தேர்வில் தேடுங்கள். மறுபக்கம், இது 1930களோடு நின்றுவிட்ட அகராதி. கணினியும் மின்னஞ்சலும் இதில் கிடைக்காது. இக்காலச் சொல்லை இதில் தேடி ஏமாறுவதைவிட க்ரியாவுக்குத் திரும்பிவிடுவது நல்லது.

சூடாமணி நிகண்டைப் பலர் வாங்கிவைத்துவிட்டுத் திறப்பதில்லை. அமைப்பு புரியாததுதான் காரணம். மொத்தம் பன்னிரண்டு தொகுதி. முதல் பத்தும் தேவர், மக்கள், விலங்கு, மரம் என்று வகைவாரியாகப் பெயர்களை அடுக்குகின்றன. குறிப்பில் ‘மரம்’, ‘விலங்கு’ என்று மட்டும் பொருள் கொடுத்திருந்தால் நேராக அந்தத் தொகுதிக்குப் போகலாம். அகராதியால் தரமுடியாத உதவி இது. பதினோராவது தொகுதிதான் புதிர்க்காரர்களுக்குத் தங்கச் சுரங்கம்: ஒரு சொல்லுக்குப் பல பொருள். அது அகர வரிசையில் இல்லை, எதுகை வரிசையில் இருக்கிறது. அதாவது இரண்டாம் எழுத்தைப் பிடித்துத் தேட வேண்டும். முதல் கட்டம் காலியாக, இரண்டாம் கட்டம் நிரம்பியிருக்கும் நிலையில் இந்த வரிசை நமக்குச் சாதகம். சங்கடம் என்னவென்றால் எல்லாம் விருத்தப்பா. சீர் பிரித்துப் படிக்கப் பழக வேண்டும். உரையுடன் கூடிய பதிப்பையே எடுங்கள். கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் நிகண்டுகளைப் பார்க்கலாம் என்பதால் வாங்குமுன் அங்கே படித்துப் பழகிக்கொள்வது உத்தமம்.

விக்சனரி என்ற இணைய அகராதி விரைவுக்கு நல்லது. யாரும் திருத்தலாம் என்பதால் அதை இறுதிச் சான்றாக வைத்துக்கொள்ளக் கூடாது.

எழுத்து எண்ணும் செயலிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் முறையான யூனிகோடில் உயிர்மெய் என்பது அகர மெய்யோடு ஒரு குறியைச் சேர்த்து எழுதுவது. ‘மாம்பழம்’ நமக்கு ஐந்து எழுத்து. எக்செல்லில் நீளம் கேட்டால் 8 என்று வரும். ‘கொக்கு’ மூன்று எழுத்து, அதற்கு 6. ஒகரக் குறியை ஒரே குறியாகத் தட்டாமல் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டியிருந்தால் 7. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தேடும்போது மட்டும் ஒன்று மற்றொன்றோடு பொருந்தாமல் போகலாம். ஆங்கிலத்துக்கு எழுதிய குறுக்கெழுத்து மென்பொருளில் தமிழை ஏற்றினால் கட்டங்கள் பிழையாவது இதனால்தான். தமிழ் எழுத்துக்கென்றே செய்யப்படாத எந்தக் கருவியையும் கட்ட எண்ணிக்கைக்கு நம்பாதீர்கள். ஆய்தம் ஒரு கட்டம். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் ஒரு கட்டமாகக் கொள்வதா இரண்டாகவா என்பது அமைப்பவருக்கு அமைப்பவர் மாறும், குறுக்கே வரும் விடையைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும்.

எழுதிப் பார்க்கக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். கிராஃப் தாள் வேண்டாம். ‘ணை’, ‘கொ’, ‘தௌ’ போன்றவை அந்தச் சின்னக் கட்டத்தில் அடங்காமல் பக்கத்துக் கட்டத்தில் ஏறி எண்ணிக்கையைக் குழப்பும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கான பெரிய கட்ட நோட்டே வசதி. பாரிமுனையில் ஆண்டர்சன் தெருப் பக்கம் மொத்தமாகவும் வாங்கலாம்.

க்ரியாவை வாங்க அவசரம் இல்லாதவர்கள், பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் கண்காட்சிவரை பொறுத்திருந்தால் வழக்கமான பத்து சதவீதக் கழிவு கிடைக்கும். திருவல்லிக்கேணி பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளில் முந்தைய பதிப்பு கண்ணில் பட்டால், குறுக்கெழுத்துத் தேவைக்கு 2008 பதிப்பு தாராளமாகப் போதும். 1992 பதிப்பென்றால் மலிவாகக் கிடைத்தாலொழிய வேண்டாம். அதற்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த சொற்களைப் புதிர் அமைப்பவர்கள் நிறையவே பயன்படுத்துகிறார்கள்.