சத்யா, மெய்யம்மை, பொய்யாமொழி, வாய்மை: உண்மைக்கு நான்கு பெயர்கள்

பிள்ளைக்கு ஒரு நல்ல குணத்தையே பெயராக வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அன்பு, அருள், அறிவு இந்த மூன்றில் ஒன்றில் வந்து நிற்பார்கள். நான்காவதாக ஒன்று உண்டு, உண்மை. இதற்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் கிடையாது. சத்யா இருக்கிறது, மெய்யம்மையும் மெய்யப்பனும் இருக்கிறார்கள், பொய்யாமொழி இருக்கிறது, அபூர்வமாக வாய்மையும் இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் எல்லாம் ஒன்றுதான் என்று தோன்றும். அப்படியில்லை. நான்கும் நான்கு வெவ்வேறு உண்மைகளைச் சொல்கின்றன. அதைத் தெரிந்துகொண்டு வைப்பது நல்லது, பெயரோடு வாழப்போவது பிள்ளைதானே.

முதலில் சத்யா. நான்கில் மிகப் பழக்கமானது இது. ஆணுக்கும் ஆகும், பெண்ணுக்கும் ஆகும். சத்தியமூர்த்தி, சத்தியநாராயணன், சத்யபாமா, சத்யப்பிரியா என்று நீளமாக வைத்தாலும் வீட்டில் கூப்பிடும்போது சத்யாவாகத்தான் சுருங்கும். மதம் பார்க்காத பெயரும்கூட. தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் சத்தியநாதன் பழைய பெயர். வடமொழிச் சொல் என்று திராவிட இயக்கமும் இதை ஒதுக்கிவிடவில்லை. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். ஆனால் 1967-இல் அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்ற சத்தியவாணி முத்து கடைசி வரை சத்தியவாணிதான்.

இந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதைகளில் எனக்குப் பிடித்தது சாந்தோக்கிய உபநிடதத்தில் வருகிறது. குருவிடம் படிக்கப் போக நினைக்கும் ஒரு சிறுவன், தன் கோத்திரம் என்ன என்று தாயிடம் கேட்கிறான். அவள் பூசி மெழுகவில்லை. இளமையில் பல இடங்களில் வேலை செய்து திரிந்தபோது உன்னைப் பெற்றேன், உன் கோத்திரம் எனக்குத் தெரியாது, என் பெயர் ஜபாலா, நீ சத்யகாமன், சத்யகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள் என்கிறாள். பையன் அதை அப்படியே போய் கௌதமரிடம் ஒப்பிக்கிறான். நீ உண்மையிலிருந்து விலகவில்லை என்று சொல்லி அவர் அவனைச் சேர்த்துக்கொள்கிறார். பெயர் மகனுடையது, ஆனால் முதலில் உண்மையைச் சொன்னவள் தாய்.

சத்தியத்துக்கு இன்னொரு முகம் அரிச்சந்திரன். கொடுத்த வாக்கு தவறக்கூடாது என்பதற்காக மனைவியையும் மகனையும் விற்றவன். தமிழில் சத்தியம் என்றாலே இந்த வாக்கும் ஆணையும் கலந்துதான் வருகிறது. 'சத்தியமா சொல்றேன்', 'தலையில அடிச்சு சத்தியம் பண்ணு' என்றுதானே பேசுகிறோம்? இந்தச் சத்தியம் கொஞ்சம் முரட்டுத்தனமானது, யாருக்கு என்ன ஆனாலும் சொன்ன சொல் நிற்க வேண்டும். (அரிச்சந்திரன் என்றே பெயர் வைப்பவர்கள் குறைவு. அது கிண்டலாகிப் போனதுதான் காரணமாக இருக்க வேண்டும். 'இவரு பெரிய அரிச்சந்திரன்' என்று யாரையும் பாராட்டுவதற்காகச் சொல்வதில்லை.)

அடுத்து மெய். இதற்கு ஒரு ஊரே இருக்கிறது, புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம். பழைய பெயர் திருமெய்யம். ஒரே குன்றில் குடைந்த இரண்டு கோயில்கள். சிவன் சத்தியகிரீசுவரர், பெருமாள் சத்தியமூர்த்தி. மெய்யம் என்று திருமங்கையாழ்வார் பாடிய தலம் இதுதான். மெய்யும் சத்தியமும் ஒரே கல்லில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சுதந்திரப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்தது இந்தத் திருமயத்தில்தான். சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் மெய்யப்பனும் மெய்யம்மையும் வீட்டுக்கு வீடு உண்டு. ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கிய மெய்யப்பன் 1907-இல் காரைக்குடியில் பிறந்தவர். நகரத்தார் வழக்கப்படி தாத்தா பெயர் பேரனுக்கும் பாட்டி பெயர் பேத்திக்கும் வருவதால், இந்தப் பெயர்கள் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்பிக்கொண்டே இருக்கின்றன.

அதனால் அங்கே சாதாரணமாகத் தெரியும் மெய்யம்மை வெளியே போனால் அபூர்வம். கோயம்புத்தூரிலோ திருநெல்வேலியிலோ ஒரு மெய்யம்மையைச் சந்தித்தால், 'காரைக்குடிப் பக்கமா?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பெயரில் ஒரு குணமும் தெரியவேண்டும், ஊரும் குலமும் தெரியக்கூடாது என்பவர்களுக்கு இது சரிப்படாது. எனக்கு அதில் வருத்தம்தான். இவ்வளவு அழகான பெயர் ஒரு வட்டாரத்துக்குள் அடைபட வேண்டியதில்லை.

மெய் என்பது சொல்லில் இருக்கும் உண்மை மட்டுமில்லை, இருப்பில் இருக்கும் உண்மை. எது நிலையானதோ அது. சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலைத் தந்தவருக்கு மெய்கண்டார் என்று பெயர் நின்றது அந்தப் பொருளில்தான். அதைவிடக் கூர்மையான உதாரணம் மெய்ப்பொருள் நாயனார். திருக்கோவலூரில் இருந்து ஆண்ட அரசர், சிவனடியார் வேடத்தையே மெய்ப்பொருள் என்று நம்பியவர். போரில் அவரிடம் தோற்றுக்கொண்டே இருந்த முத்தநாதன் திருநீறு பூசிக்கொண்டு, ஆகமச் சுவடி என்று சொல்லி ஒரு கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு, அந்தப்புரம் வரை வந்துவிடுகிறான். தனியாகத்தான் உபதேசிப்பேன் என்கிறான். அரசர் அரசியை அனுப்பிவிட்டுக் கீழே அமர்ந்து வணங்கும்போது குத்துகிறான். காவலன் தத்தன் வாளோடு பாய்கிறான். சாய்ந்துகொண்டிருக்கும் அரசர் சொல்வது, 'தத்தா, நமர்'. இவர் நம்மவர், தொடாதே என்று. அதோடு விடவில்லை, ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவரச் சொல்கிறார். தத்தன் திரும்பி வந்து, விட்டுவந்தேன் என்று சொன்ன பிறகே உயிர் போகிறது. பொய் வேடத்துக்குப் பின்னாலும் மெய்யைப் பார்த்தவர் என்று பக்தர்கள் உருகுவார்கள். இப்படியா ஏமாறுவது என்று மற்றவர்களுக்குத் தோன்றலாம். இரண்டும் நியாயம்தான்.

பொய்யாமொழியை நான் ரசிக்கக் காரணம் வேறு. நல்லதை எதிர்மறையில் சொல்வது தமிழுக்கு ரொம்பப் பிடிக்கும். கொல்லாமை, வெகுளாமை, அழுக்காறாமை என்று வள்ளுவர் அதிகாரத்துக்கு அதிகாரம் வைத்திருக்கிறார். அவர் நூலுக்கே பொய்யாமொழி என்று ஒரு பெயர் உண்டு. ஆளின் பெயராகவும் பழையதுதான், தஞ்சைவாணன் கோவை பாடிய புலவர் பொய்யாமொழி. இங்கே பொருள் மறுபடி மாறுகிறது. பொய் சொல்லாதவர் என்பதைவிட, சொன்னது பலித்துவிடும் என்பதுதான் அவர் பெயருக்குச் சொல்லப்படும் காரணம்.

வேடிக்கை என்னவென்றால், அவரைப் பற்றி வழங்கும் கதையில் அவர் சொல்லே சறுக்குகிறது. சிவனைத் தவிர யாரையும் பாடமாட்டேன், கோழியைப் பாடிய வாயால் குஞ்சைப் பாடுவேனா என்று முருகனை மறுத்துவிடுகிறார். முருகன் வேடனாக வந்து காட்டில் மறிக்கிறான். என் பெயர் முட்டை, என்மேல் ஒரு பாட்டுப் பாடு என்கிறான். உயிருக்குப் பயந்து பாடிவிடுகிறார். குஞ்சைப் பாடமாட்டேன் என்றவர் முட்டையைப் பாடினார்! பொய்யாமொழி என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருநாள் வழுக்கிவிட்ட பிள்ளைக்கு இந்தக் கதை நல்ல துணை. மற்றபடி பெயர் நீளம், ஆண்பிள்ளைக்குத்தான் புழக்கம். கூப்பிடும்போது 'மொழி' என்று சுருக்கலாம், முன்பாதியால் சுருக்கினால் 'பொய்யா' என்று கேள்வி கேட்பது போல ஆகிவிடும்.

உண்மை என்றே வைக்கலாமே என்றால், வைப்பதில்லை. அந்தச் சொல் தினசரிப் பேச்சில் தேய்ந்துவிட்டது, 'உண்மையா?' என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மிச்சம் இருப்பது வாய்மை. தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைப் பார்க்காதவர் கிடையாது, அரசு முத்திரையில் 'வாய்மையே வெல்லும்' என்று இருக்கிறது. ஆனால் வாய்மை என்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டவர்கள் மிகக் குறைவு. ஏன் இப்படி? தமிழ் ஒரு குணத்தை அப்படியே பெயராக விடுவது குறைவு. இனிமை இனியனாகவும் இனியாவாகவும் மாறும். அன்பு, அன்பழகனாகவும் அன்புச்செல்வியாகவும் நீளும். 'மை'யோடு முடியும் சொல் அஃறிணையாக நிற்பதால் ஆள் பெயராக ஒட்டத் தயங்குகிறது. பியூரிட்டன்கள் எனப்பட்ட இங்கிலாந்தின் கண்டிப்பான கிறிஸ்தவர்களுக்கு இந்தத் தயக்கம் இல்லை, 1620-இல் அமெரிக்காவுக்கு மேஃபிளவர் கப்பலில் போன ஒரு சிறுமிக்குப் பணிவு என்று பொருள்படும் ஹியுமிலிட்டி என்றே பெயர்.

ஆனாலும் பெண் பெயராக வாய்மை பொருந்தும் என்றே நினைக்கிறேன். உமை, கோதை, முல்லை, தாமரை, மணிமேகலை என்று ஐகாரத்தில் முடியும் பெண் பெயர்கள் நம் காதுக்குப் பழகியவை. அந்த வரிசையில் இதுவும் நிற்கும்.

பொருளில்தான் இது மற்ற மூன்றையும் தாண்டுகிறது. வாய்மை எது என்று வள்ளுவர் சொல்லும்போது, நடந்ததை நடந்தபடி சொல்வது என்று சொல்லவில்லை. 'யாதொன்றும் தீமை இலாத சொலல்' என்கிறார், யாருக்கும் எந்தத் தீங்கும் தராத பேச்சு. அடுத்த குறளிலேயே, குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்று போய்விடுகிறார். அரிச்சந்திரன் இதைக் கேட்டால் எழுந்து போய்விடுவான். சத்தியம் சொன்ன சொல்லைப் பார்க்கிறது, வாய்மை கேட்பவரைப் பார்க்கிறது. 'யாமெய்யாக் கண்டவற்றுள்' என்று தொடங்கி, வாய்மையைவிட நல்லது வேறில்லை என்று அந்த அதிகாரம் முடியும்போது, மெய்யே வாய்மைக்குச் சாட்சி சொல்ல வந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. வகுப்பில் 'வாய்' என்று கிண்டல் செய்வார்கள், நிறையப் பேசும் பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு சின்னப் பொய் சொல்லி மாட்டினாலும் பெயரை வைத்து ஒரு பாட்டு விழும். பெயரைச் சொன்னதும் 'என்னது, இன்னொரு தடவை சொல்லுங்க' என்ற கேள்வியோடு வாழ்நாள் முழுக்க வாழவேண்டும். இந்தத் தொல்லை எதுவும் சத்யாவுக்குக் கிடையாது. ஒரே வகுப்பில் இன்னொரு சத்யாவும் இருக்கலாம் என்பது மட்டுமே அதன் சங்கடம்.

என்னைக் கேட்டால், பெண்ணுக்கு வாய்மை. இரண்டே அசை, கடவுள் பெயரோ குலப் பெயரோ ஒட்டாத வெறும் குணம், அதிலும் நான்கில் மென்மையான குணம். பையனுக்கு மெய்யப்பன், இரண்டு எழுத்து குறைய வேண்டுமென்றால் மெய்யன். பாட்டியின் பெயர் மெய்யம்மை என்றால் யோசிக்கவே வேண்டாம், அதையே வைத்துவிடுங்கள். வெளிமாநிலம், வெளிநாடு என்று ஓடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு சத்யா சுலபம். அதிலும் தெற்கே ஆங்கிலத்தில் எழுதும்போது டி-க்குப் பின் ஒரு எச் சேர்ப்போம், வடக்கே சேர்க்கமாட்டார்கள்.

அந்த ஆங்கில எழுத்துதான் வாய்மைக்குப் பெரிய தலைவலி. ஏ ஒன்றா இரண்டா, நடுவில் ஐ-யா ஒய்-யா என்று நாலைந்து விதமாக எழுதலாம். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று ஆகிவிட்டால் பிறகு அலைச்சல். அவசரப்பட வேண்டியதில்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்துகொள்ளலாம், பதிவு செய்ததிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை வழி இருக்கிறது. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் மாற்றுவது கடினம். அதனால் தமிழில் பெயரை முடிவு செய்த கையோடு ஆங்கில எழுத்தையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.